நடுவில் இருப்பது பிரேக் அல்ல

அத்தியாயம் ஏழு

சுவரிலிருந்த மனிதரைக் கழுவி எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் அளவுக்கு ஈரம் மட்டும் மிச்சமிருந்தது.

“இவ்வளவு குள்ளமா இவரு?” என்றான் வாய்தா, ஈரத்தைக் கண்ணால் அளந்து. “மேடையில ஆறடி தெரிஞ்சாரே.”

“மேடை ரெண்டடி,” என்றாள் அக்கா.

அக்கா இருபத்திரண்டு வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பார்வையிட்டவள். நசுங்கிய பம்பரைப் பார்த்த மாத்திரத்தில், ஓட்டியவர் என்ன பொய் சொல்லப்போகிறார் என்பதை அவர் வாயைத் திறக்குமுன் எழுதிவிடுவாள். கம்பெனிக்கு அது பிடித்திருந்தது. கம்பெனியின் பொய்களையும் எழுத ஆரம்பித்தபோது பிடிக்காமல் போயிற்று. அதிலிருந்து சொந்தமாகத் துப்பறிகிறாள். வாய்தா அவளுடைய உதவியாளன்; நாற்பது வயது, அதற்குமுன் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. எப்பேர்ப்பட்ட வழக்குக்கும் வாய்தா வாங்கிவிடுவான் என்பதால் வந்த பெயர். பெயரில் பாதி வாய் என்பதைக் கவனித்தவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

நேற்றுக் காலை பத்து மணிக்கு, பாரம்பரிய வாகனப் பாதுகாப்புப் பேரவையின் தலைவர், தன் கொட்டகையில், தன் சுவரில், தன் காராலேயே நசுக்கப்பட்டுச் செத்தார். கார், அவர் ‘மகாராணி’ என்று கொஞ்சும் நூறு வயது வண்டி. ஓட்டுநர் இருக்கையில் பின்மண்டை பிளந்து மயங்கிக் கிடந்தவர், அவருடைய மெக்கானிக். மோதிய வேகத்தில் மண்டை உடைந்தது என்று இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். முன்னால் மோதினால் பின்மண்டை எப்படி உடையும் என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

சாட்சி வேறு தானாக வந்து விழுந்தது. பக்கத்துச் சுவருக்கு அப்பால் பைண்டிங் கடை. அங்கே புத்தகம் தைக்கும் பெண்மணிக்கு, தலைவர் “வலது! வலது!” என்று அலறியது கேட்டிருக்கிறது. தலைவர் ஏறிய மேடையிலெல்லாம் மெக்கானிக்கைக் கை காட்டி, “இவன் என் வலதுகை” என்று முழங்குவார். ஊரே அந்த மனிதரை வலதுகை என்றுதான் கூப்பிடும். செத்தவரே கொன்றவன் பெயரைச் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார். இன்ஸ்பெக்டருக்கு வழக்கு முடிய அரைமணி நேரம் ஆயிற்று. அதில் பாதி, பேனா தேடியதில் போனது.

இன்று காலை எட்டு மணிக்கு மெக்கானிக்கின் மனைவி அக்காவின் ஆபீஸ் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரத்தம் காய்ந்த சட்டை.

“பன்னெண்டு மணிக்குக் கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம்மா. அதுக்குள்ள ஒத்துக்கலைன்னா கையை உடைச்சிருவோம்னு சொல்லிட்டாங்க. நேத்து ராத்திரியே முதுகெல்லாம் உரிச்சிட்டாங்க. மண்டை உடைஞ்சா கட்டுப் போட்டுக்கலாம். கை போச்சுன்னா அவரு இல்லம்மா. அவருக்கு வேற ஒண்ணும் தெரியாது.”

“கையை உடைச்சுட்டா கையெழுத்து எப்படி வாங்குவாங்க?” என்றான் வாய்தா.

“கட்டைவிரல் ரேகை,” என்றாள் அக்கா. “எந்தக் கையின்னு சொன்னாங்களாம்மா?”

“வலதுகைன்னுதானே ஊரே கூப்பிடுது, அதையேதான். அந்தப் பேரே அவருக்கு—”

“பேரை விடுங்க, அவரு என்ன சொல்றாரு?” என்று வாய்தா குறுக்கே புகுந்தான்.

“பின்ரூம்ல கம்ப்ரசர் ஓடிட்டிருந்துச்சாம். சத்தத்துல ஒண்ணும் கேக்கலையாம். டயருக்குக் காத்து பிடிச்சு முடிச்சு, அதை நிறுத்திட்டு, கதவைத் தாண்டிக் கொட்டகைக்குள்ள காலை வெச்சாராம். அவ்வளவுதான் ஞாபகம் இருக்காம்.”

அக்கா மணியைப் பார்த்தாள். நாலு மணி நேரம்.

கொட்டகையில் பதினோரு வண்டிகள் நின்றன. ஒவ்வொன்றும் ஒரு கோணங்கி. ஒரு லாரியின் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மட்டும் நட்டுகள் தலைகீழ்ப் புரி. கழற்ற நினைத்துச் சுற்றினால் இறுகும். ஒரு நீளக் காருக்குப் பெட்ரோல் ஊற்றும் வாயைப் பின்விளக்குக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு வண்டியின் வைப்பர், மேடு ஏறும்போது தூங்கிவிடும்; ஏறி முடித்தபின் எழுந்து துடைக்கும். இன்னொன்றுக்கு மேடே முன்பக்கமாக ஏறாது, ரிவர்ஸில்தான் ஏறும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘பொறியியல் அற்புதம்’ என்று பித்தளைப் பலகை.

“இதையெல்லாம் செஞ்சவங்க ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணினவங்க போல,” என்றான் வாய்தா. “ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கேட்டதே இல்ல.” சொல்லிக்கொண்டே ‘மந்திரி’ என்று பெயரிட்ட கறுப்புக் காரின் முன்கதவுப் பிடியைத் திருகினான். கதவு எதிர்த்திசையில் பாய்ந்து திறந்து முழங்காலில் அடித்தது. “ஐயோ! இது ஏங்க்கா பின்னாடிப் பக்கமா திறக்குது?”

“கீல் பின்னால இருக்கு. முன்பக்கம் திறக்கும். ஓடுற வண்டியில திறந்தா, எதிர்க்காத்து கதவையே பிச்சுக்கிட்டுப் போயிரும். எத்தனை கிளெய்ம் பார்த்திருக்கேன்.”

“மந்திரின்னு பேரு வெச்சது சரிதான். எந்தப் பக்கம் திரும்புவாருன்னே தெரியல.”

அக்கா மெக்கானிக்கின் வேலைமேசையைப் பார்த்தாள். ஸ்பேனர்கள் எல்லாம் இடப்பக்கம் வரிசையாகத் தொங்கின. பிறகு மகாராணியின் முன் குந்தி உட்கார்ந்தாள். ஒரு விளக்கு சிதறியிருந்தது. முன்டயரின் பள்ளங்களைக் குச்சியால் கிண்டினாள். உள்ளங்கையில் சர்க்கரைபோல் கண்ணாடித் தூள் விழுந்தது.

“விளக்கு உடைஞ்சது மோதினப்ப. கண்ணாடி விழுந்தது வண்டிக்கு முன்னால. போலீஸ் வண்டியை நகர்த்தினது பின்பக்கமா. அப்ப டயர் இந்தக் கண்ணாடியை எப்ப தின்னுச்சு?”

“பசி எப்ப வரும்னு சொல்ல முடியுமா?”

அக்கா தூளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். பின் மகாராணியில் ஏறி உட்கார்ந்து, காலுக்குக் கீழே மூன்று மிதிகளையும் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு இறங்கினாள்.

“பாவம்டா அந்த மனுஷன்,” என்றாள். எந்த மனுஷன் என்று சொல்லவில்லை.

பைண்டிங் கடையில் பசை வாடை மூக்கைப் பிடித்தது. பெண்மணி ஊசியைக் கீழே வைக்காமலே பேசினாள். நாளைக்குப் பேரவையின் பழைய வண்டி ஊர்வலமாம்; அதற்கான விழா மலர் தைத்துக்கொண்டிருந்தாள். தலைவர் செத்ததால் அட்டையில் கறுப்புக் கோடு போட மட்டும் சொல்லியிருந்தார் செயலாளர்.

“முதல்லேர்ந்து சொல்லுங்கம்மா,” என்றாள் அக்கா. “போலீஸ் எழுதிக்காததையும் சேர்த்து.”

“மோட்டார் உறுமுச்சு. டமால்னு ஒரு சத்தம். மோதினா நிக்கணுமில்ல? நிக்கலை. இன்னும் ஜாஸ்தியா உறுமுது. அப்பத்தான் தலைவர் ‘வலது! வலது!’ன்னு கத்தினாரு. அடிவயித்துலேர்ந்து வந்த குரல். அப்புறம் மோட்டார் இருமிட்டு நின்னுபோச்சு.”

“அப்புறம்?”

“சிரிப்பு.”

“யாரு?”

“தலைவர் குரல் மாதிரிதான் இருந்துச்சு. போலீஸ்ல சொன்னேன். நசுங்கினவன் சிரிப்பானான்னு என்னைத் திட்டினாங்க. அப்புறம் ஒரு மலர் தைச்சு முடிச்சுப் போடுற நேரத்துக்கு அமைதி. அதுக்கப்புறம் யாரோ ‘அம்மா’ன்னு கத்தினாங்க. அது வேற குரல். மறுபடி மோட்டார். மறுபடி டமால்.”

“ரெண்டு தடவை மோதினதா எழுதினாங்களா?”

“எதிரொலின்னு எழுதிக்கிட்டாங்க.”

வாய்தா இதற்குள் ஒரு மலரைப் புரட்டிக்கொண்டிருந்தான். “அக்கா, இதைக் கேளுங்க. ‘மகாராணியும் நானும்’. எழுதியவர் பேரவைச் செயலாளர், சக்கரவர்த்தி.”

“அது பேரா?”

“பட்டம். சக்கரத்தைச் சுத்தறதால சக்கரவர்த்தி. பேரவையே குடுத்தது. பேரவைன்னா அவரு, தலைவரு, அப்புறம் கைதட்ட நாலு பேரு.” தொண்டையைச் செருமி வாசித்தான்: “‘வலக்கரத்தின் ஐவிரல்களாலும் கைப்பிடியை இறுகச் சுற்றிப் பற்றி, ஒரே சுழற்றில் மகாராணியைத் துயிலெழுப்பினேன். இடக்காலால் கிளட்சைப் பணித்தேன். நடுவிலுள்ள பிரேக்கை மலரென வருடினேன். வலக்காலால் ஆக்சிலேட்டரை முத்தமிட்டேன்.’ காலால முத்தமாம்! வீட்டுல அந்தம்மா என்ன பாடு படறாங்களோ.”

“எப்ப எழுதினது?”

“போன மாசமே கொண்டுவந்து குடுத்துட்டாரு,” என்றாள் பெண்மணி. “ஒரு எழுத்து மாத்தக்கூடாதுன்னு மூணு தடவை வந்து புரூஃப் பார்த்தாரு.”

அக்கா மலரை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். தெருவுக்கு வந்ததும் நடந்துகொண்டே பேசினாள்.

“இப்ப ஓடுற காருல பிரேக் எங்கடா?”

“நடுவுல.”

“மகாராணியில நடுவுல இருக்கறது ஆக்சிலேட்டர். பிரேக் வலதுல. அந்தக் காலத்துல அப்படியும் செஞ்சாங்க. இப்ப யோசி. ஒருத்தன் ஓட்டத் தெரியாம உட்கார்ந்திருக்கான். தலைவர் சுவரோரமா நின்னு ‘வா, வா, போதும்’ங்கறாரு. அவன் பிரேக்குன்னு நினைச்சு நடுவுல மிதிக்கறான். வண்டி பாயுது. பயந்துபோய் இன்னும் அழுத்தறான். அழுத்த அழுத்த நசுக்குது.”

வாய்தா நின்றுவிட்டான். “நசுங்கிட்டே தலைவர் பாடம் நடத்தறாரு. வலது, வலது.”

“அது ஆள் பேரு இல்ல. பிரேக் இருக்கற இடம்.”

“மெக்கானிக்குக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லையே!”

“அதான். பிரேக் எங்கேன்னு தெரியாதவன்தான் ஓட்டியிருக்கான்.”

“தெரியாதவங்க ஊர் பூரா இருக்காங்களேக்கா. எங்க போய்த் தேடறது?”

அக்கா கைப்பையைத் தட்டினாள். “தெரியும்னு எழுதிக்கிட்டவன் ஒருத்தன்தான்.”

ஸ்டேஷனில் இதைக் கேட்டு இன்ஸ்பெக்டர் சிரித்தார். சக்கரவர்த்தி பத்து வருடம் மகாராணியை ஓட்டிப் பந்தயக் கோப்பை வாங்கியவர். நேற்றுப் பத்தரை மணிக்கு முதல் ஆளாக வந்து அழுதவரும் அவர்தான். “ஓட்டிக் காட்டினா?” என்று இன்ஸ்பெக்டரே சவாலும் விட்டார். அக்காவும் அதைத்தான் கேட்க வந்திருந்தாள்.

பதினோரு மணிக்குச் சக்கரவர்த்தி கொட்டகைக்கு எழுந்தருளினார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, வெள்ளைத் தோல் கையுறை. துக்கத்துக்குக் கையில் ஒரு கறுப்பு நாடா. வாய்தா கை நீட்டினான். அவர் இடதுகையைக் கொடுத்தார்.

“துக்க காலத்தில் நாங்கள் வலக்கரம் தருவதில்லை. வாகன மரபு.”

“எப்பலேர்ந்துங்க?”

“நேற்றிலிருந்து.”

“சிரமத்துக்கு மன்னிக்கணும்,” என்றாள் அக்கா. “வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுத்து, நான் சொல்றப்ப நிறுத்தணும். அவ்வளவுதான். நீங்களே கைப்பிடி சுத்தி ஸ்டார்ட் பண்றீங்களா?”

“சக்கரவர்த்தி கைப்பிடி சுற்றுவதில்லை அம்மணி. அது ஏவலர் வேலை.”

“ஏவலர் ரெடி,” என்றான் வாய்தா. மகாராணிக்குச் சாவியெல்லாம் கிடையாது. மூக்குக்குக் கீழே இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் உயிர் வரும். குனிந்து கைப்பிடியை ஐந்து விரல்களாலும் கொத்தாகப் பிடித்தான்.

“டேய்! கட்டைவிரலை உள்ள விடாதே, உதைக்கும்!”

அலறியவர் சக்கரவர்த்தி. செந்தமிழ் ஒரு நொடி எங்கோ போய்த் திரும்பியது. “அதாவது, கவனம் தேவை.”

“ரொம்ப நன்றிங்க,” என்றாள் அக்கா.

வாய்தா கட்டைவிரலை ஒதுக்கிப் பிடித்து, மூன்றாவது சுற்றில் எழுப்பினான். மகாராணிக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கைப்பிடியைக் கழற்றிப் படிப்பலகையில் வைத்தான்; சக்கரவர்த்தி ஏறி உட்கார்ந்தார். அக்கா அவனைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு போய், சுவரில் ஈரம் காயாத இடத்தில் நிறுத்தினாள்.

“அக்கா. எனக்கு வாய்தா வேணும்.”

“கிடையாது. ஓட்டுங்க சார்!”

வண்டி நகர்ந்தது. மிச்சமிருந்த ஒரே விளக்கு அவன் தொடையை நோக்கி வந்தது. ஆறடி. நாலடி. அவன் முதுகில் நேற்றைய மனிதரின் ஈரம் ஊறியது.

“நிறுத்துங்க!”

வெள்ளை பூட்ஸ் நடு மிதியைத் தொடவே இல்லை. நேராக வலதுக்குப் போய் அழுந்தியது. மகாராணி, வாய்தாவின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் கைதட்டினார். “பார்த்தீங்களா? பிரேக் எங்கேன்னு தெரியாதவராம்! வலதுகை கேஸ் வலதுகை கேஸ்தான். எனக்கு நேரமாச்சு.”

வாய்தா சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். “நான் உயிரோட இருக்கேன்க்கா. நம்ம கேஸ்தான் செத்துப்போச்சு.”

“இல்லடா. இப்பத்தான் மூச்சு வந்திருக்கு.” அக்கா மலரைப் பிரித்தாள். “சார், இது நீங்க எழுதினதுதானே?”

“ஒவ்வோர் எழுத்தும்,” என்றார் சக்கரவர்த்தி. மலரைக் கண்டால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

“‘நடுவிலுள்ள பிரேக்கை மலரென வருடினேன்.’ போன மாசம் உங்களுக்குப் பிரேக் நடுவுல. இன்னிக்கு வலதுல. ‘ஐவிரல்களாலும் இறுகச் சுற்றிப் பற்றி.’ போன மாசம் கட்டைவிரலும் உள்ள. இன்னிக்கு உள்ள விட்டா உதைக்கும். நடுவுல ரெண்டு பாடம் படிச்சிருக்கீங்க. வாத்தியார் யாரு?”

கொட்டகையில் மகாராணி மட்டும் புகைந்துகொண்டிருந்தாள்.

“அச்சுப்பிழை,” என்றார் சக்கரவர்த்தி.

“மூணு தடவை நீங்களே புரூஃப் பார்த்திருக்கீங்க. முதல் வாத்தியார் யாருன்னு நான் சொல்லவா? அவரு இந்தச் சுவர்லேர்ந்து பாடம் எடுத்தாரு. ‘வலது, வலது’ன்னு. பக்கத்துக் கடை வரைக்கும் கேட்டுச்சு. போலீசுக்குத்தான் பேரா கேட்டுச்சு.”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

அக்காவின் குரல் திடீரென்று இளகியது. “பிரேக் தெரியாம பத்து வருஷம் ஓட்ட முடியாது. மெக்கானிக்தான் ஓட்டியிருப்பாரு. முடிவுக்கோட்டுக்கு முன்னால நிறுத்தி நீங்க இடம் மாறிக்கிட்டிருப்பீங்க. நாளைக்கு ஊர்வலத்துல ஊரே பார்க்க நிஜமாவே ஓட்டணும். ஒத்திகை பார்க்க வந்தீங்க. தெரியாம மிதிச்சுட்டீங்க. மனுஷன் செய்யற தப்புதானே? விபத்துக்குப் பெரிய தண்டனை எல்லாம் கிடையாதுங்க.”

வெள்ளைக் கோட்டுக்குள்ளிருந்து ஒரு சாதாரண ஆள் வெளியே வந்தான். “ஆமாங்க. விபத்துங்க. சத்தியமா பிரேக்குன்னு நினைச்சுத்தாங்க மிதிச்சேன். பயந்துபோய் ஓடிட்டேங்க.”

இன்ஸ்பெக்டர் நிம்மதியாக நோட்டை எடுத்தார். “விபத்து. எழுதிடலாம்.”

“கையுறையைக் கழட்டச் சொல்லுங்க,” என்றாள் அக்கா.

கழற்றவில்லை. வாய்தா எழுந்து வந்து இழுத்தான். சக்கரவர்த்தி “அம்மா!” என்று கத்தினார். வலது கட்டைவிரல் கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் அளவில், மணிக்கட்டை நோக்கி மடங்கிக் கிடந்தது.

“இதே ‘அம்மா’தான் நேத்தும் கேட்டுச்சு. இது ரெண்டாவது பாடம், கைப்பிடி திருப்பி உதைச்ச விரல். மோதினதுல எஞ்சின் நின்னுபோச்சு. அத்தோட விட்டிருந்தா விபத்து. தலைவருக்குக் காலு ரெண்டும்தான் போயிருக்கும், உயிர் இருந்திருக்கும். நின்ன எஞ்சினை மறுபடி எழுப்பணும்னா கீழ இறங்கணும். வண்டியைப் பின்னால தள்ளணும். உடைஞ்ச கண்ணாடிக்கு நடுவுல, கீழ கிடக்கறவரைப் பார்த்துக்கிட்டே, குனிஞ்சு கைப்பிடி சுத்தணும். கம்ப்ரசர் சத்தம் நின்னதும், கதவுக்குப் பின்னால நின்னு மெக்கானிக் மண்டையில போட்டதும் அதே கைப்பிடிதான்.” அக்கா மடித்த காகிதத்தை நோட்டின் மேல் பிரித்து வைத்தாள். கண்ணாடித் தூள் மின்னியது. “டயர் இதைத் தின்னது ரெண்டாவது தடவை போனப்ப. விபத்து கைப்பிடி சுத்தாது சார்.”

சக்கரவர்த்தி சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சிரிச்சாருங்க,” என்றார். “காலு ரெண்டும் கூழாக் கிடக்குது, அந்த ஆளு சிரிக்கறாரு. ‘பத்து வருஷம் சக்கரவர்த்தி, பிரேக் எதுன்னு தெரியாதாடா உனக்கு’ன்னு சிரிக்கறாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன்னு சொல்லலை. நாளைக்கு ஊர்வலத்துல சொல்லிச் சிரிக்கறேன்னாரு. நான் ரெண்டாவது தடவை ஏறி உட்கார்ந்தப்பத்தான் சிரிப்பை நிறுத்தினாரு.”

அதைச் சொல்லி முடித்து வண்டியிலிருந்து இறங்கும்போது அவர் இடதுகை படிப்பலகைக்குப் போயிற்று.

இரும்புக் கைப்பிடி முதலில் வாய்தாவின் தோளெலும்பில் இறங்கியது. காய்ந்த குச்சி முறிகிற சத்தம். இரண்டாம் வீச்சு இன்ஸ்பெக்டரின் தொப்பியைக் கொண்டுபோயிற்று. கூடவே காது மடலில் பாதியையும். அவருடைய இருபது வருட போலீஸ் சர்வீஸ், லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. மூன்றாவது அக்காவுக்கு. அவள் குனிய, மகாராணியின் கண்ணாடி வெடித்து அவள் நெற்றியைக் கீறியது. கண்ணில் ரத்தம் வழிய அவள் ஓடி, மந்திரியின் மறுபக்கக் கதவைத் திறந்து உள்ளே விழுந்து சாத்திக்கொண்டாள். 

“வெளிய வாடீ!”

கைப்பிடியை ஓங்கியபடி, சக்கரவர்த்தி மந்திரியின் மூக்கைச் சுற்றி அவள் ஏறிய பக்கம் ஓடிவந்தார். அக்கா மல்லாந்து படுத்தாள். உள்பிடியைத் திருகினாள். இரண்டு கால்களாலும் கதவை உதைத்தாள்.

சாதாரணக் கதவாக இருந்தால், எதிரே ஓடிவருகிறவர் மோதியதும் மூடிக்கொண்டிருக்கும். இது முன்பக்கம் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. தகட்டு விளிம்பு அவருடைய வாயில் சரியாக உட்கார்ந்தது. பற்கள் மந்திரியின் படிப்பலகையில் சோழி உருட்டினதுபோல் உருண்டன. மூக்கு இருந்த இடத்தைப் பிறகுதான் தேட வேண்டியிருந்தது.

“இந்தக் கதவு எப்படித் திறக்கும்னு மலர்ல எழுதியிருக்காரா?” என்றான் வாய்தா தரையிலிருந்து.

“போனை எடுய்யா!” என்று அக்கா லாரியின் அடியைப் பார்த்துக் கத்தினாள். “ஸ்டேஷனுக்குப் போடு!”

இன்ஸ்பெக்டர் ஒருகையால் காதைப் பொத்திக்கொண்டு, மறுகாதில் போனை வைத்தார். “நிறுத்துங்கய்யா. அவரு இல்ல. உடனே நிறுத்துங்க.” அந்தப் பக்கம் சொன்னது கொட்டகை முழுவதும் கேட்டது, ஸ்டேஷன் போன் எப்போதும் அப்படித்தான்.

“இப்பத்தான் சார் முடிச்சோம். நீங்க சொன்ன மாதிரியே, வலதுகை.”

மணி பதினொன்று நாற்பது.

ஸ்டேஷனில் மெக்கானிக்கை நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். வெளியே விடப்போகிறவர் என்று தெரிந்த பிறகு கிடைத்த நாற்காலி. வலதுகை மடியில் ஒரு துண்டுக்குள் கிடந்தது. துண்டின் விளிம்பில் தெரிந்த விரல்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டின. மனைவி பக்கத்தில் நின்றாள். அழவில்லை. சுவரில் மாட்டியிருந்த தடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்தா, உடைந்த தோளைத் தாங்கிப் பிடித்தபடி, அந்த விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

“ஒரு தப்பு நடந்துபோச்சு,” என்றார் காதில் கட்டுப்போட்ட இன்ஸ்பெக்டர். யார் செய்த தப்பு என்பதை அந்த வாக்கியத்தில் சேர்க்க இடமில்லை. ஒரு தாளை மேசையில் தள்ளினார். விடுதலைக்கான தாள். அச்சடித்த நாலாவது வரி: ‘என் உடம்பில் காயம் எதுவும் இல்லை.’

“கையெழுத்து வேண்டாம், சிரமம்,” என்றார் பெருந்தன்மையாக. மைப்பெட்டியைத் திறந்தார். “ரேகை வெச்சாப் போதும். நானே பிடிச்சு வெச்சுக்கறேன்.”

மெக்கானிக் மைப்பெட்டியை மூடினார். இன்ஸ்பெக்டரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார்.

இடதுகையால்.

இன்ஸ்பெக்டர் துண்டுக்குள் கிடந்த வலதுகையைப் பார்த்தார், பேனாவைப் பார்த்தார்.

“பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான் சார்,” என்றார் மெக்கானிக், வீங்கிய உதட்டால் ஒவ்வொரு சொல்லாக. “தலைவர் ஒருநாளும் கவனிச்சதில்ல. மேடையில வலதுகைன்னா எடுப்பா இருக்கும்னு வெச்ச பேரு.”

“அந்தப் பேரே அவருக்குப் பொருந்தாதுன்னு காலையிலேயே சொல்ல வந்தேன்,” என்றாள் மனைவி, வாய்தாவைப் பார்த்து. “எங்க விட்டீங்க?”

“முழுசா மூட வேண்டிய வாயிங்க இது,” என்றான் வாய்தா. அக்கா அவன் நல்ல தோளில் கை வைத்தாள்.

மெக்கானிக் தாளின்மேல் குனிந்தார். கையெழுத்துப் போடும் இடத்துக்குப் போகவில்லை. நாலாவது வரியில் ‘எதுவும் இல்லை’ என்பதை அடித்தார். அதற்கு மேலே, இன்ஸ்பெக்டர் தலைகீழாகவே படிக்கும்படி, பெரிய எழுத்தில், எந்தக் கை, எத்தனை விரல், எந்த அறை, எத்தனை மணி என்று எழுதிக்கொண்டே போனார்.

எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.